இராணியாகும் வேலைக்காரி
(வருடாந்தக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



எறும்பைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையிலே சிலர் புன்முறுவல் செய்தார்கள். இருக்கட்டும். வளவு மாமரத்து முசுறிடம் கடி வாங்காதவர் இச்சபையில் இரார். நான் சொல்ல வந்தது அதன் தூரத்து உறவாகிய தாவும் எறும்பின் கதை. தென்னிந்தியக் காடுகளே அதன் தாயகம்.

எறும்புக் கூட்டிலே முட்டையிடுபவள் இராணி, மற்றையோர் வேலைக்காரிகள். ஆங்கில நூல்கள் இப்பிரிவுகளைச் ‘சாதி’ என்றே குறிக்கின்றன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே நடந்தவற்றை அறிந்த மூத்தோருக்கு அச்சொல்லின் பாரம் தெரியும். ஆகவே இந்த எறும்பின் சாதி யாதென விசாரிப்பது வீண்வேலையன்று.

இராணி இறந்தால், வேலைக்காரிகள் உணர்கொம்புகளால் ஒருவரையொருவர் தட்டி வாரக்கணக்காகப் போட்டியிடுவர். வென்றோர் சிலர் முட்டையிடத் தொடங்குவர். ஏறக்குறைய 7 மாதமே வாழவேண்டியவள் 4 ஆண்டு வரை வாழ்வாள். அவளுடைய மூளையோ ஐந்திலொரு பங்கு சுருங்கிப்போகும். பதவி பறிபோனால் மீண்டும் வளரும்! (பதவி வந்ததும் மூளை சுருங்குவது எறும்புக்கு மட்டுந்தானா என்று கேளாதீர்கள்.) அவள் பரம்பரையலகுகள் பிறந்தபோது இருந்தவையே.

பின் மாறியது யாது? உடலினுள் ஓடும் சுரப்புகள். கொரசோனின் என்னும் மூளைச் சுரப்பு வேட்டையாடும் வேலைக்காரியிடம் மிகுதி. முட்டையிடும் நிலைக்கு மாறிக்கொண்டிருந்தவளுக்கு அதனை ஊசியால் ஏற்றினார்கள். அவளிடம் வேட்டைக் குணம் திரும்பியது. இது 2017இல் வெளிவந்த ஆராய்ச்சி. இளமை ஓமோனும் எக்டைசோனும் இம்மாற்றத்திலே பங்குகொள்வதை 2021இல் காட்டினர். எறும்பைக் காட்டி மனிதருக்குச் சட்டம் எழுத நான் வரவில்லை. ஆயினும் “எல்லாம் பிறப்பிலே எழுதியது” என்று பரம்பரையலகைச் சாட்சிக்கு அழைப்போர், அச்சாட்சி எறும்பிடத்திலேயே அவ்வாறு சொல்லவில்லை என்பதை அறிய வேண்டும்.

அப்படியாயின் பரம்பரையலகுக்கு வேலையே இல்லையா? உண்டு. அதே 2017இல் நியூயோர்க்கில் றைன்பேர்க், டெப்லான் ஆகியோரின் ஆய்வுகூடங்களில், முட்டைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி, மணமறிவதற்கு வேண்டிய ‘ஓர்கோ’ என்னும் பரம்பரையலகைச் சிதைத்தார்கள். பெரும்பாலான எறும்புகளில் இராணியே முட்டையிடுவதால் இத்தகைய மாற்றத்தைத் தலைமுறையாக வளர்ப்பது கடினம். இங்கோ ஒரு வேலைக்காரியைத் தனியே பிரித்து வைத்தாலே போதும், அவளே தாயாவாள்.

மணமறியாத அந்த எறும்புகள் கூட்டைவிட்டு அலைந்தன. இரை தேடத் தெரியவில்லை. முட்டையும் சொற்பம். மூளையிலே மணத்துக்குரிய பகுதியே வளர்ச்சி குன்றியிருந்தது. சுற்றிலும் சகோதரிகள் இருந்தார்கள். அவற்றின் உணர்கொம்புகள் ஓயாது ஆடிக்கொண்டிருந்தன.