பசுமைப் பொருளாதாரமும் பல்கலைக்கழக மாணவரும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எங்களில் சிலர் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கிறோம். சிலர் விவசாயத் துறையிலும் வங்கியிலும் வேலை செய்து ஓய்வு பெற்றோம். இன்றைய பல்கலைக்கழக மாணவர் பசுமைப் பொருளாதாரத்தை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள் என்று பேசும்படி எங்களைக் கேட்டிருக்கிறீர்கள்.

சொல்லை அறிந்திருக்கிறார்கள். வரைவிலக்கணமும் பிழையின்றி எழுதுவார்கள். உதாரணம் கேட்டால் மரநடுகை, பொலித்தீன் தவிர்ப்பு, கூரையில் சூரியப்படலம் என்று பதில் வரும். எல்லாம் சரிதான். ஆனால் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, சூழலைக் காப்பதோடு மனித நலனையும் சமூக நீதியையும் ஒரே மூச்சில் சொல்கிறது. எங்கள் பிள்ளைகளின் விடைகளில் முதலில் காணாமற் போவது அந்தச் சமூக நீதிதான்.

அது காணாமற் போனால் என்ன நடக்கும் என்பதை நாடே பார்த்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது, பசுமையின் பெயரால்தான். மாற்றுப் பசளை போதிய அளவு ஆயத்தமாக இருக்கவில்லை. மண்ணும் ஒரு போகத்தில் மாறிவிடாது. கிளிநொச்சியில் வயல் செய்தவரும் மலையகத்தில் கொழுந்து பறித்தவரும் அதன் விலையைக் கொடுத்தார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது.

அப்படியானால் உரத்தை அள்ளிக் கொட்டலாமா? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட யூரியா நைத்திரேற்றாகி அதே நீருக்குள் இறங்குகிறது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதை மீறிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம். விளைச்சலின் வருமானம் கணக்கில் ஏறும். கெட்டுப்போன தண்ணீர் எந்தக் கணக்கிலும் ஏறாது. பொருளியல் மாணவர் இதைப் புறத்தாக்கம் என்ற தலைப்பில் மனனம் செய்கிறார்கள். தம் வீட்டுக் கிணற்றோடு பொருத்திப் பார்ப்பவர் குறைவு.

மன்னாரும் அப்படித்தான். 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனியில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்று. நிலக்கரி எரிக்காத மின்சாரம் நாட்டுக்கு வேண்டும். அத்தீவு வலசைப் பறவைகளின் தங்குமிடம் என்பதும், புதிய காற்றாலைகளை அங்குள்ள மக்கள் எதிர்க்கிறார்கள் என்பதும் மெய். இரண்டையும் மேசையில் வைத்து வாதிடத் தெரிந்த மாணவரையே நாங்கள் தேடுகிறோம்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். எங்கள் புலமைப்பரிசில் பெறும் பிள்ளைகள் வரும் விடுமுறையில் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, ஒரு தோட்டத்தின் வரவு செலவையும் எழுதட்டும். நீரியலிலும் கணக்கியலிலும் தேர்ந்த அக்காமார் எந்த நாட்டிலிருந்தாலும் இணையவழி வழிகாட்டலாம். மாதிரி எடுக்கும் போத்தல்களை நாங்கள் வாங்கித் தருகிறோம்.