எலும்பால் ஆன அகராதி

பிறமொழி வழங்கும் ஊர்களில் வாழும் நமக்கு அகராதியின் அருமை நன்கு தெரியும். அறியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டால், பொருள் உறுதியான சொற்களோடு வைத்துப் பார்த்தே தெளிவு பெறுகிறோம். புதைபொருள் ஆராய்ச்சியாளருக்கும் அத்தகைய அகராதி ஒன்று வேண்டும். அது எலும்பால் ஆனது.

பண்டைய ஊர்களைத் தோண்டும்போது பானை ஓடுகளோடு விலங்கெலும்புகளும் குவியலாகக் கிடைக்கின்றன; பெரும்பாலானவை உடைந்த துண்டுகள். அவை இன்ன விலங்கினுடையவை என்று துணிய வேண்டுமானால், இனம், பால், வயது, கிடைத்த இடம் ஆகியவை குறித்து வைக்கப்பெற்ற இக்கால விலங்குகளின் எலும்புக்கூடுகள் அருகில் இருத்தல் வேண்டும். வெள்ளாட்டின் எலும்பும் செம்மறியின் எலும்பும் பெரிதும் ஒத்தவை. நம் நாட்டில் வெளிமானின் எலும்பும் அவற்றோடு மயங்கும். இதில் தவறினால், வேட்டையாடி வாழ்ந்த மக்களை மந்தை மேய்த்தவர் என்று எழுதிவிடுவோம்.

குஜராத்தில், கட்சுப் பகுதியில், சுர்கோட்டடா என்னும் ஊர் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அங்கே சிந்துவெளிக் காலத்துக் குடியிருப்பை அகழ்ந்தனர். கிடைத்த பற்களிலும் கால் எலும்புகளிலும் சில குதிரையினுடையவையே என்றார், ஹங்கேரி நாட்டு அறிஞர் சாண்டோர் பொக்கோனி. ரிச்சர்டு மெடோ, அஜிதா பட்டேல் என்னும் அறிஞர்கள் 1997-இல் அம்முடிவை ஏற்க இயலாதென எழுதினர். காட்டுக் கழுதையின் எலும்போடு அவை மயங்கக்கூடும் என்பதே இவ்வழக்கின் சிக்கல். சிந்துவெளி மக்கள் குதிரையை அறிந்திருந்தனரா என்னும் பெரிய வினா, இங்கே ஒரு பல்லின் மடிப்பையும் ஒரு குளம்பெலும்பின் அளவையும் பற்றி நிற்கிறது.

கட்சின் உப்புவெளியில் காட்டுக் கழுதைகள் இன்றும் திரிகின்றன. ஆணும் பெண்ணும், இளையதும் முதியதுமாக அவற்றின் எலும்புக்கூடுகள் பல நம் கையில் இருந்தாலன்றி இத்தகைய வாதம் தெளியாது. ஒன்றிரண்டை மட்டும் அளந்தால், தனி விலங்குகளிடையே உள்ள வேறுபாட்டை இன வேறுபாடென்று கொள்ள நேரும்.

இப்பணி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1916-இல் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பைனி பிரசாத், ஹரப்பாவின் விலங்கெலும்புகளை ஆராய்ந்து 1936-இல் நூல் வெளியிட்டார். புனேயின் டெக்கான் கல்லூரியிலும் இதற்கென ஆய்வுக்கூடம் உண்டு.

இத்தொகுதிகளுக்காக விலங்கைக் கொல்ல வேண்டுவதில்லை. காட்டிலும் விலங்குக்காட்சிச் சாலையிலும் இயல்பாக இறந்தவற்றை முறையாகப் பதப்படுத்தி, விவரச் சீட்டோடு காத்தால் போதும். சீட்டுத் தொலைந்த எலும்பு எதையும் உறுதிப்படுத்தாது. எலும்பிலிருந்து மரபணுவைப் படிக்கும் முறை நம் முன்னோர் அறியாதது. ஆயினும் அவர்கள் சேர்த்த எலும்புகள் இன்று அதற்கும் உதவுகின்றன.

அருங்காட்சியகத்துக்கு இனிச் செல்லும்போது, எலும்புக்கூட்டின் முன் சற்று நின்று அதன் சீட்டையும் படிப்போம். பிள்ளைகளுக்கும் அதன் பயனை எடுத்துச் சொல்வோம். இடநெருக்கடி வரும் நாளில் இவை குப்பையென்று கழிக்கப்படாதிருக்க, இவற்றின் மதிப்பை அறிந்தவர் பலர் வேண்டும்.