துவாஸுக்குப் போகும் பெண்ணும் அரசாங்கத்தின் கணக்கும்

வரவு செலவுத் திட்டம் என்னும் சொல்லை ஆண்டுதோறும் வானொலிச் செய்தியில் கேட்கிறோம். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் நெடுநேரம் வாசிக்கிறார். சீனி விலை ஏறுமா, எண்ணெய் விலை ஏறுமா என்று மட்டும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பணம் ஆணுக்கு எவ்வாறு போய்ச் சேருகிறது, பெண்ணுக்கு எவ்வாறு போய்ச் சேருகிறது என்று நாம் கேட்பதில்லை. பொதுப் பணம் எல்லாருக்கும் பொதுவானதுதானே, அதில் ஆண் என்ன, பெண் என்ன என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருந்துவிடலாமா என்பதைத்தான் இன்று சற்று ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் முன்னோர் கதையிலிருந்தே தொடங்குவோம். மலாயாவில் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் இவ்வளவு என்று அக்காலத்து அரசாங்கமே கணக்குப் போட்டது. ஓர் ஆள் உயிர் வாழ மாதம் எவ்வளவு அரிசி வேண்டும், எவ்வளவு பருப்பு வேண்டும், எத்தனை துணி வேண்டும் என்று பட்டியல் எழுதி, அதற்கு விலை போட்டு, சம்பளத்தை வகுத்தார்கள். 1930-ஆம் ஆண்டில் ரப்பர் விலை விழுந்தபோது சம்பளம் குறைக்கப்பட்டது. ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு. அதாவது ஆண் ஒரு வெள்ளி வாங்கினால் பெண்ணுக்கு 80 காசு.

அந்தப் பெண் பெரட்டுக்கு ஆணோடுதான் வந்தாள். வெயிலும் மழையும் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருந்தன. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிய பிறகு தண்ணீர் தூக்குவது, விறகு பொறுக்குவது, சமைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் தலையில்தான் விழுந்தன. அந்த வேலைக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு காசும் இல்லை. கணக்கு எழுதியவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெண் சற்றுக் குறைவாகத் தின்பாள், அவளுக்கு ஒரு ஆண் துணை இருப்பான் என்று தாங்களாகவே எண்ணிக்கொண்டார்கள். அந்த எண்ணம் எண்ணாக மாறியது. எண் சம்பளமாக மாறியது. ஒருமுறை தாளில் ஏறிவிட்ட எண்ணை இறக்குவது எளிதன்று என்பதை நம் பாட்டிமார் அனுபவித்து அறிந்தார்கள்.

இனி நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரைப் பார்ப்போம். பெண்கள் முன்னேறிய நாடு என்று பேர் பெற்ற இடம் அது. 1961-ஆம் ஆண்டிலேயே அங்கே மாதர் சாசனம் என்னும் சட்டம் வந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணத்தில் ஒருவனுக்கு ஒருத்தி என்பதை அது நிலைநாட்டியது. 1962-ஆம் ஆண்டில் அரசாங்க உத்தியோகத்தில் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற கொள்கையும் வந்தது. இத்தனைக்கும் பிறகு அங்கே எல்லாக் கணக்கும் நேராகிவிட்டதா? இரண்டு செய்திகளைக் கேளுங்கள்.

முதல் செய்தி திட்டமிடுவதைப் பற்றியது. 1979-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் மருத்துவக் கல்விக்கு ஒரு வரம்பு போட்டார்கள். சேருகிற மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் இருக்கக் கூடாது என்பது அந்த வரம்பு. பெண் டாக்டர்கள் பிள்ளை குட்டி என்று வந்ததும் வேலையை விட்டுவிடுகிறார்கள், செலவழித்த பொதுப் பணம் வீணாகிறது என்று காரணம் சொல்லப்பட்டது. அவர்கள் ஏன் வேலையை விட வேண்டியிருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கதவைப் பாதி சாத்தினார்கள். நல்ல மதிப்பெண் பெற்றும் இடம் கிடைக்காமல் திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். 2003-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்துதான் அந்த வரம்பு நீங்கியது.

இரண்டாவது செய்தி செலவைப் பற்றியது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஆணுக்கு மருத்துவச் சலுகை கிடைத்தது. அவன் மனைவி மக்களுக்கும் கிடைத்தது. அதே உத்தியோகத்தில், அதே சம்பளத்தில் இருந்த பெண்ணின் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அதே சலுகை கிடைக்கவில்லை. குடும்பத் தலைவன் கணவன்தான், குடும்பத்தைக் காப்பது அவன் கடமை என்று 1993-ஆம் ஆண்டில் அன்றைய நிதியமைச்சர் ரிச்சர்ட் ஹூ விளக்கம் சொன்னார். 2005-ஆம் ஆண்டில் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது. சம சம்பளம் வந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் இந்த ஒரு வரி திருந்தியது என்பதைக் கவனியுங்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்தவர்கள் எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது என்றார்கள். குறை வேறொரு பக்கத்தில் ஒளிந்திருந்தது.

இதையெல்லாம் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஜொகூர்த் தோட்டப்புறங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் நகரங்களாகவும் மாறின. பால்வெட்டும் செம்பனையும் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடாத காலம் வந்தது. 1998-ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து அது நேரே துவாஸில் போய் இறங்குகிறது. ஒரு காலத்தில் மீனவர் கிராமமாக இருந்த துவாஸ் இன்று கடலைத் தூர்த்து எழுந்த தொழிற்பேட்டை. மருந்துத் தொழிற்சாலை, கப்பல் பட்டறை, 2022-இல் திறந்த பெரிய துறைமுகம் என்று விரிந்து கிடக்கிறது. கிழக்கு இருண்டிருக்கும்போதே தொழிற்சாலை பஸ் வந்து நிற்கிறது. அதில் நம் பெண்களும் ஏறுகிறார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு நாட்டுக் கணக்குகளும் என்ன சொல்கின்றன? அவள் உழைப்பது ஒரு நாட்டில். அவள் பிள்ளை வளர்வது இன்னொரு நாட்டில். சிங்கப்பூரில் குழந்தைக் காப்பகத்துக்கு அரசாங்கம் உதவிப் பணம் தருகிறது. வேலைக்குப் போகும் தாய்க்குக் கூடுதலாகத் தருகிறது. அது அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற குழந்தைகளுக்கு. மகப்பேற்று விடுப்பும் அப்படித்தான். குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளதாகவும் மற்ற விதிகளுக்கு உட்பட்டதாகவும் இருந்தால் தாய்க்கு 16 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. குழந்தைக்கு அந்தக் குடியுரிமை இல்லையென்றால் 12 வாரம். அதில் முதல் 8 வாரத்துக்கு முதலாளி சம்பளம் தர வேண்டும். அதற்கும் பிள்ளைப்பேற்றுக்கு முன் அந்த முதலாளியிடம் மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அந்த 8 வாரச் சம்பளமும் கட்டாயமில்லை.

மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து மகப்பேற்று விடுப்பு 98 நாளாக உயர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது இங்கே வேலை செய்பவர்களுக்கான சட்டம். துவாஸில் வேலை செய்பவளுக்கு அது போய்ச் சேராது. அங்கே மத்திய சேமநிதியும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பாலத்தைக் கடந்து போய் வருகிற தொழிலாளிக்கு முதலாளி அதில் பணம் கட்டுவதில்லை. ஆணுக்கும் இதே நிலைதான். ஆனால் பிள்ளைக்காக நடுவில் மூன்று நான்கு ஆண்டு வேலையை விட்டு நிற்பவள் பெண்தான். அறுபது வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கப் போகிறவளும் அவளாகத்தான் இருப்பாள். இரண்டு வரவு செலவுத் திட்டங்களுக்கும் நடுவே அவள் விழுந்துவிடுகிறாள்.

துவாஸின் விடுதிகளில் தங்கி உழைக்கும் தமிழ்நாட்டு ஆண்களுக்கும் இப்படியொரு பக்கம் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் குடும்பத்தை நடத்துகிற மனைவிமார் ஊரில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2021-இல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத் தொகையைத் தொடங்கியது. வீட்டு வேலையும் வேலைதான் என்று ஓர் அரசாங்கம் தன் கணக்கில் எழுத முன்வந்ததற்கு இது ஒரு சான்று.

சரி, கணக்கைத் திருத்துவது எப்படி? இதற்கு உலகில் ஒரு வழி உண்டாகியிருக்கிறது. 1984-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தன் வரவு செலவுத் திட்டத்தோடு பெண்களுக்கென ஓர் அறிக்கையையும் வெளியிட்டது. ஒவ்வோர் இலாகாவும் தன் செலவு பெண்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்தியா 2005-ஆம் ஆண்டிலிருந்து இப்படி அறிக்கை தருகிறது. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி. குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இன்னொரு பகுதி. அதற்கும் குறைவானவற்றுக்கு 2024-இல் மூன்றாம் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். அறிக்கை வந்துவிட்டால் அநீதி ஓடிவிடும் என்று எண்ண வேண்டாம். எழுதிய பணம் செலவானதா, சேர வேண்டிய கைக்குச் சேர்ந்ததா என்று பார்க்க ஆள் வேண்டும். ஆனால் எழுதப்படாத பணத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவே முடியாது.

மலேசியாவிலும் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு சில அமைச்சுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2001-ஆம் ஆண்டிலேயே நம் அரசியல் சட்டத்தின் 8-ஆம் விதி திருத்தப்பட்டு, ஆண் பெண் என்ற காரணத்தால் பாகுபாடு காட்டக் கூடாது என்று சேர்க்கப்பட்டிருக்கிறது. பினாங்கில் 2012-ஆம் ஆண்டிலிருந்து மாநிலப் பெண்கள் மேம்பாட்டுக் கழகமும் நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து மக்களிடமே போய்க் கேட்டன. மலிவு விலை அடுக்குமாடிகளில் ஆண்களையும் பெண்களையும், இளைஞர்களையும் முதியவர்களையும் தனித்தனியாகக் கேட்டு, எது முதலில் வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். தனித்தனியாகக் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் முன் வரிசையில் இருப்பவர் பேசுவார். பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவளுக்குப் பேச வாய்ப்பு வராது.

இதை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். பொதுப் பணம் கொஞ்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்துத் திடலுக்கு விளக்குப் போடலாம் என்கிறார்கள். பஸ் நிற்கிற முச்சந்தியில் விளக்குப் போடலாம் என்று ஒரு தாய் சொல்கிறார். இரண்டும் விளக்குதான். செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்று மாலையில் விளையாடும் இளைஞனுக்கு வெளிச்சம் தருகிறது. மற்றொன்று விடியுமுன் தனியாக நிற்கும் பெண்ணுக்கு வெளிச்சம் தருகிறது. இளைஞன் விளையாட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எது முதலில் என்று முடிவு செய்யும்போது இருவரையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

ஆகவே எந்தச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்தப் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது? இதனால் யாருடைய வேலை நேரம் குறைகிறது? இதிலிருந்து யார் விடுபட்டுப் போகிறார்கள்? முடிவு செய்யும்போது பெண்கள் அங்கே இருந்தார்களா? படிக்காத தாயும் இந்த நான்கையும் கேட்கலாம்.

கேட்பதற்குரிய இடங்களும் உண்டு. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களில் குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. நம் ஆயாக் கொட்டகை யாரோ மனமிரங்கிப் போடும் பிச்சை என்று எண்ணக் கூடாது. வீட்டில் இருக்கும் மாதர்க்கு 2022 டிசம்பரில் சொக்சோ பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 120 வெள்ளிதான் சந்தா. வெளிநாட்டில் வேலை செய்யும் மலேசியர் தாமே முன்வந்து ஊழியர் சேமநிதியில் பணம் போட வழி இருக்கிறது. இவற்றையெல்லாம் நேரில் போய் விசாரித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். நகராண்மைக் கழக உறுப்பினரிடமும், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும், தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்திலும் கேள்வியை எழுத்தில் கொடுங்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே நிற்கும் தாயின் பிள்ளைக்கு விடியற்காலையிலேயே திறக்கும் காப்பகம் ஒன்று வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ஆண் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக் கணக்கிலும் இதே குறை உண்டு. மாதச் சம்பளத்தை எழுதுகிறோம். மனைவியின் நேரத்தை எழுதுவதில்லை. துவாஸிலிருந்து இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவள் அடுப்பைப் பற்ற வைத்தால்தான் வீட்டில் சோறு என்றால், அரசாங்கத்தைக் கேட்க நமக்கு என்ன வாய் இருக்கிறது? மகனுக்கும் மகளுக்கும் வீட்டு வேலையைச் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் கணக்கு அப்போதுதான் பிள்ளைகள் மனத்தில் நிற்கும்.

32 காசு என்று எழுதியது ஒரு பேனா. அதை எழுதியபோது எதிரே நின்று ஏன் என்று கேட்க நம் பாட்டிமாருக்கு எழுத்தும் இல்லை, ஓட்டும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. அடுத்த முறை வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது வானொலியை மூடாமல் முழுவதும் கேளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.