மலையில் குடியிருப்பது யார்?

(மேலூர் வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் தோழர் ஒருவர் பேசியது)



பெரிய கல்குவாரி எதற்கும் அனுமதி கொடுக்கும் முன்பு, அந்த மலையிலும் சுற்றுப்புறத்திலும் என்னென்ன ஜீவராசிகள் இருக்கின்றன என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். 2006-ம் வருஷத்து மத்திய சர்க்கார் அறிவிக்கை அப்படிச் சொல்லுகிறது. நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ரிப்போர்ட் எழுதுகிறவருக்குக் கூலி கொடுப்பது யார்? குவாரி முதலாளி! பண்ணையார் வைத்த கணக்குப்பிள்ளை நெல் அளந்த கதை உங்களுக்குத் தெரியாததா?

சரி, எப்போது வந்து கணக்கெடுப்பார்கள்? மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் பார்த்தால் போதும் என்பது விதி. மார்ச் முதல் மே வரை பார்த்தாலும் செல்லும். சித்திரை வெயிலில் நம் பாறை எப்படி இருக்கும்? வெறுங்காலை வைக்க முடியுமா? அந்த நேரத்தில் தவளை மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. ஐப்பசியில் மழை விழுந்தால்தான் சுனைக்குச் சுனை அதன் கத்தல் கேட்கும். பனிக்காலத்தில் வந்து தங்கும் பறவைகள் வைகாசிக்குள் வடக்கே போய்விடும். அழுங்கும் தேவாங்கும் கூகையும் இராத்திரியில் நடமாடுகிறவை. பகல் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குகிறவர் கண்ணில் என்ன படும்? காக்கை, மைனா, ஓணான், நாலு வெள்ளாடு! ‘முக்கியமான வனவிலங்கு எதுவும் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போகலாம். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மனசாட்சியோடு வேலை செய்கிறவர்களும் உண்டு. ஆனால் விதியே இப்படி இடம் கொடுக்கிறதே!

அந்த ஒரு வரியின் மதிப்பைப் பாருங்கள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு மூன்றும் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. இருக்கிறது என்று எழுதினால், அதைக் காப்பாற்றத் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்கிக் காட்ட வேண்டும். இல்லை என்று எழுதினால் காலணா செலவில்லை.

நம் பக்கத்து அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மலைகள், 72 ஏரிகள், 200 சுனைகள். லகர் வல்லூறு, ராசாளிக் கழுகு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள். இந்தப் பட்டியல் ஒரு கோடையில் வந்ததா? பல வருஷங்கள், எல்லாப் பருவத்திலும் நடந்து பார்த்தவர்கள் சேர்த்தது. 2022 நவம்பரில் அங்கே ஏறக்குறைய 480 ஏக்கரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக மாநில சர்க்கார் அறிவித்தது. 2024-ல் சுற்றுவட்டாரத்தையே, சுமார் 2,000 ஹெக்டேரை, டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். அந்தத் தலமும் அதற்குள்ளே கிடந்தது! ஊர் ஊராக ஜனங்கள் திரண்டார்கள். டிசம்பரில், அந்தத் தலத்தை விட்டுவிட்டு மீதியை மறுபடி ஆராயலாம் என்றது மத்திய சர்க்கார். ஜனங்கள் விடவில்லை. 2025 ஜனவரி 23-ல் ஏலமே ரத்து. ரத்து செய்ய வைத்தது ஜனங்களின் போராட்டம். ஆனால் முதலில் விட்டுக்கொடுக்கச் சம்மதித்தது எந்த நிலத்தை? பட்டியல் இருந்த நிலத்தை!

தேவாங்கு போனால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பாறை இடுக்கில் முட்டையிடும் கொம்பன் ஆந்தை யாருடைய வயலில் எலி பிடிக்கிறது? மலையில் விழும் மழை சுனையில் தங்கி, ஓடையாக இறங்கி எந்தக் கண்மாய்க்கு வருகிறது? கண்மாய் வறண்டால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குக் கூலி ஏது?

உங்களில் சிலர் குவாரியில் கல் உடைக்கப் போகிறவர்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் இங்கே நிற்கவில்லை. துளை போடும் தூசி உங்கள் நுரையீரலைத் தின்பதும் எனக்குத் தெரியும். வெடி வைத்த மறுநாள் எந்தப் பறவை கூட்டுக்குத் திரும்பவில்லை என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? உங்கள் சாட்சிதான் பெரிய சாட்சி.

சட்டத்தில் நமக்கும் ஓர் இடம் இருக்கிறது. 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்குப் பொது விசாரணை கிடையாது. அதனால்தான் துண்டு துண்டாக மனுப் போடுகிறார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகள் சேர்ந்து 5 ஹெக்டேரை எட்டினால் விசாரணை நடத்த வேண்டும். அதற்கு 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட்டின் சுருக்கத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும், கலெக்டர் ஆபீசில் பார்க்கலாம். நாம் சொல்லுகிற ஆட்சேபணையை எழுதிக்கொள்ள வேண்டும், மனுதாரர் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

நோட்டீஸ் வந்த பிறகு தேடினால் 30 நாளில் என்ன கிடைக்கும்? இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுவோம். தேதி, இடம், என்ன பார்த்தோம், பார்த்தவர் யார். அழுங்கு தோண்டிய குழியைக் கண்டால் படம் எடுங்கள். ஆனால் குழி இருக்கும் இடத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள், செதிலுக்காக வேட்டையாடுகிறவன் காதிலும் விழும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற தோழர்களும், இராத்திரி மடை காக்கிறவர்களும் கூட்டம் கலைந்ததும் கொஞ்சம் இருந்து, இந்த வருஷம் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போங்கள்.