கண்ணும் பயிற்சியும்



வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்து இந்த மைதானத்தில் வலைப்பந்து விளையாடியவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 2011 இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சிறந்த கோல் சூட்டராகத் தெரிவானபோது எங்கள் வீட்டுப் பிள்ளை வென்றதுபோல மகிழ்ந்தோம். அவருடைய உயரத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். உயரம் உதவும்; ஆனால் குறி தவறாமைக்கு அது போதாது. வளையத்தின் விட்டம் 38 சென்ரிமீற்றர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 22. பந்து கைக்கு வந்தால் மூன்று செக்கனுக்குள் எறியவேண்டும்.

கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்து ஆடுபவர்களின் கண்ணசைவை ஆராய்ந்தார். தேர்ந்தவர்களின் பார்வை, எறியுமுன்பே வளையத்தில் ஓரிடத்தில் நிலைத்து நின்றது. அந்த நிலைப்புப் பயிற்சியால் வருவது. தென்கொரிய வில்லாளர் இம் டொங்-ஹியுன், இடக்கண்ணில் பத்திலொரு பங்கு பார்வையே இருந்தும், 2012 இல் லண்டன் ஒலிம்பிக்கில் 72 அம்புகளில் 699 புள்ளி பெற்று உலக சாதனை படைத்தார்.

அதற்காகக் கண்ணைக் கவனியாமல் விடலாமா? தூரத்திலுள்ளவை மங்கலாகத் தெரியும் குறைபாடு பெரும்பாலும் பள்ளி வயதிலேயே தொடங்குகிறது. தெளிவாகப் பார்த்தே அறியாத பிள்ளை, தனக்குக் குறையுண்டென்று சொல்லமாட்டாள். பந்து தவறினால் “கவனமில்லாதவள்” என்ற பெயர்தான் அவளுக்கு மிஞ்சும். கரும்பலகை தெரியாவிட்டாலும் அதே பெயர்தான்.

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் எல்லா மாணவிகளுக்கும் கண் பரிசோதனை செய்விப்போம்; தேவையானவளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்போம். அதன்பின், தவறவிடும் பிள்ளைக்கும் வளையத்தின் கீழ் நின்று பழக நேரம் கொடுப்போம்.