வட்டியில்லாக் கடன் நிதி நிலைத்து நிற்க
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



வட்டி ஹராம் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், திருச்சி காந்தி மார்க்கெட்டில் சரக்கெடுத்து ஸ்ரீரங்கம் வீதிகளில் தள்ளுவண்டியில் விற்கும் ஏழை, முதலுக்கு யாரிடம் செல்வார்? தண்டல்காரரிடம்தான். கையில் 8,500 ரூபாய் பெற்று, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மிகுதி 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்திற்குப் பின்னரும் இக்கொடுமை ஒழியவில்லை; அதற்குப் பகரமான வாசலை நாம் திறக்கவில்லை.

வட்டியில்லா வங்கிமுறையை 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017இல் முடிவு செய்தது. எனவே பொறுப்பு மஹல்லாக்களையே சார்கிறது.

எகிப்தின் மித் கம்ர் நகரில் 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் அவர்கள், எளிய மக்களின் சிறுசேமிப்பைத் திரட்டி வட்டியில்லாக் கடன் வழங்கினார். அது சில ஆண்டுகளே நடந்தாலும் பிற்கால இஸ்லாமிய வங்கிகளுக்கு வழிகாட்டிற்று. நமது திருச்சியில் 2007இல் தொடங்கப்பட்ட 'கார்டியன்' நிறுவனம், கழிப்பறைக்கும் குடிநீர் இணைப்புக்கும் சிறுகடன் வழங்கியது. அங்கே வட்டி உண்டு. அது நமக்கு ஆகாது. ஆனால் ஏழைக்கு ஏற்ற சிறு தவணை, திரும்பிய பணம் அடுத்த வீட்டுக்குச் செல்லும் சுழற்சி ஆகியவை நாம் கற்கத்தக்கவை.

நன்கொடையாகக் கொடுத்துவிட்டால் ஒருவர் பயனடைவார். அதே தொகை கடனாகச் சுழன்றால் பலர் பயனடைவர். அச்சுழற்சி நிற்காதிருக்க நமது பைத்துல்மாலுக்கு நான்கு ஏற்பாடுகளை முன்வைக்கிறோம்:

1. ஜகாத் கணக்கும் கடன் நிதிக் கணக்கும் தனித்தனியே இருத்தல் வேண்டும். ஜகாத் உரியவருக்கே உடைமையாக வேண்டியது.

2. நிர்வாகச் செலவைத் தனிச் சந்தாவிலிருந்தே செய்தல் வேண்டும். இல்லையேல் கடன் நிதி ஆண்டுதோறும் கரையும்.

3. டெபாசிட் பெறுதல் சட்டச் சிக்கலுக்கு இடமாகும். நன்கொடையே நமது முதலாகட்டும்.

4. நோயாலோ நஷ்டத்தாலோ தவணை தவறியவருக்கு அவகாசம் அளிப்போம். அறவே இயலாதவருக்கு, உலமாக்களின் ஆலோசனைப்படி, ஜகாத்தில் கடனாளிகளுக்குரிய பங்கிலிருந்து உதவுவோம். வசதியிருந்தும் இழுத்தடிப்பவர், அடுத்து வரிசையில் நிற்கும் ஏழையின் உரிமையைத் தடுக்கிறார் என்பதை எடுத்துரைப்போம்.

இது நம் அனைவர் மீதும் உள்ள அமானிதம். கணக்கை ஆண்டுதோறும் இச்சபையில் வைப்போம். வட்டியின் பிடியிலிருந்து நம் மஹல்லாவை அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.