பென் டிரைவில் வந்த டி.என்.ஏ. சாஃப்ட்வேர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பயோடெக், பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிற நிறைய பேர் நம்ம எபிசோட்களைக் கேக்கறீங்க. ப்ராஜெக்ட் சீசன் வந்தாலே இன்பாக்ஸில் ஒரே கேள்விதான்: "அண்ணா, 3டிஎன்ஏ இன்ஸ்டால் ஆகலை. உங்ககிட்ட காப்பி இருக்கா?"

காப்பி தரமாட்டேன். ஏன்னு சொல்றேன். பதிலா என்ன பண்ணணும்னும் சொல்றேன்.

என் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு நானும் சீனியரோட பென் டிரைவிலிருந்துதான் எடுத்தேன். ஓடுச்சு, டேபிளும் வந்துச்சு. வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார்: "இந்த ரோல், ட்விஸ்ட் எல்லாம் எந்த வெர்ஷனில் எடுத்தது? எந்த ரெஃபரன்ஸ் ஃபிரேம்?" எனக்குப் பதில் தெரியலை. ரெண்டு மாச வேலை ஒரே நிமிஷத்தில் ஆட்டம் கண்டுடுச்சு.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. டி.என்.ஏ.வில் ஒரு பேஸ் ஜோடியிலிருந்து அடுத்த ஜோடி எப்படி நகர்ந்து, சாய்ந்து, திரும்பி இருக்குன்னு ஆறு எண்களில் சொல்வாங்க. ஷிஃப்ட், ஸ்லைடு, ரைஸ், டில்ட், ரோல், ட்விஸ்ட். இதை அளக்க, ஒவ்வொரு ஜோடியிலும் "இதுதான் மையம், இதுதான் அச்சு"ன்னு முதலில் முடிவு பண்ணணும். நம்ம தெருவில் ரோடு மேல ரோடு போட்டு உயர்ந்துடுச்சு இல்லையா? ஒரு பழைய வீட்டோட உயரத்தை ரோட்டிலிருந்து அளந்தால் ஒரு எண், வாசப்படியிலிருந்து அளந்தால் வேற எண். வீடு என்னவோ அதேதான்.

தொண்ணூறுகளில் இதே பிரச்சினைதான் இருந்தது. பிரான்ஸில் ரிச்சர்ட் லாவெரியின் 'கர்வ்ஸ்' இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மஞ்சு பன்சல் குழு 1995-ல் 'நியூபார்ம்' வெளியிட்டாங்க. அவங்க ஜி.என். ராமச்சந்திரனோட மாணவி. ஆமா, 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி கொலாஜனோட மூவிழைச் சுருள் வடிவத்தைச் சொன்ன அதே ராமச்சந்திரன்தான். இன்னும் சில புரோகிராம்களும் இருந்தன. ஒரே டி.என்.ஏ.வைக் கொடுத்தாலும் எண்கள் ஒத்துப்போகலை.

1999-ல் சியாங்-ஜுன் லூ, வில்மா ஓல்சன் ரெண்டு பேரும் இதை அலசினாங்க. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் கணக்கு இல்லை, ரெஃபரன்ஸ் ஃபிரேம்தான்னு காட்டினாங்க. அதே வருஷம் ஜப்பானின் சுகுபாவில் நடந்த பட்டறையில் பொது ஃபிரேம் ஒன்றுக்கு வழி பிறந்தது. 2001-ல் அது கட்டுரையாக வந்தது. அந்த ஃபிரேமில் வேலை செய்வதுதான் லூவும் ஓல்சனும் 2003-ல் வெளியிட்ட 3டிஎன்ஏ.

சரி, எப்படி வாங்குவது? உங்க பேரில் ரெஜிஸ்டர் பண்ணி, அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து எடுங்க. காலேஜ் மெயில் இல்லையா? கைடுகிட்ட சொல்லி அவங்க மெயில் மூலமா கேளுங்க. பொய் விவரம் போடாதீங்க. லைசென்ஸைக் கண்டிப்பா படிங்க. 'அகாடமிக்' லைசென்ஸ் பொதுவா உங்களைப் பார்த்துக் கொடுக்கிறது இல்லை, நீங்க செய்யற வேலையைப் பார்த்துக் கொடுக்கிறது. காலையில் காலேஜ் ப்ராஜெக்ட், மதியம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப்னு வெச்சுக்கோங்க. லேப்டாப் ஒன்றுதான். ஆனா கம்பெனி வேலைக்கு அந்தக் காப்பி செல்லாது. மாட்டினால் பதில் சொல்லப்போறது நீங்கதான்.

அடுத்து இன்ஸ்டால். இது மவுஸில் கிளிக் பண்ற சாஃப்ட்வேர் இல்லை, டெர்மினலில் கட்டளை தட்டணும். விண்டோஸ் வெச்சிருந்தா உள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். போட்டுக்கலாம். ஃபைலைப் பிரிக்கிற ஃபோல்டர் பேரில் ஸ்பேஸ் விடாதீங்க. பிறகு ரெண்டு வேலை: எக்ஸ்3டிஎன்ஏ என்ற மாறியில் அந்த ஃபோல்டரோட முகவரி, பாத்தில் அதுக்குள்ள இருக்கிற 'பின்' ஃபோல்டர். "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு வந்தா பயப்படாதீங்க. பெரும்பாலும் இந்த ரெண்டில் ஒன்று தப்பா இருக்கும், இல்லைன்னா டெர்மினலை மூடித் திறக்க மறந்திருப்பீங்க.

ஓடுதுன்னு உடனே உங்க டேட்டாவைப் போடாதீங்க. முதலில் புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து 1பிஎன்ஏ ஃபைலை எடுத்துப் பாருங்க. 12 ஜோடி, 11 படி, சராசரி ட்விஸ்ட் 36 டிகிரிக்குப் பக்கத்தில் வரணும். வந்தா உங்க இன்ஸ்டலேஷன் சரி.

லேப்டாப் ஒத்துழைக்கலையா? டபிள்யூ3டிஎன்ஏ என்ற வெப் சர்வர் இருக்கு. பிரவுசரிலேயே ஃபைலை ஏத்தி முடிவை எடுக்கலாம்.

கடைசியா, ரெக்கார்ட் நோட்டில் நாலு வரி எழுதுங்க: சாஃப்ட்வேர் பேர், வெர்ஷன், எடுத்த தேதி, எந்த ஃபிரேம். பென் டிரைவ் காப்பியில் தொலைஞ்சுபோறது இதெல்லாம்தான், கூடவே அனுமதியும். அந்த நாலு வரி அன்னைக்கு என்கிட்ட இருந்திருந்தா வைவாவில் தலை குனிஞ்சு நின்னிருக்க மாட்டேன்.

உங்க 1பிஎன்ஏ டெஸ்ட் சரியா வந்ததான்னு சொல்லுங்க. வராட்டியும் சொல்லுங்க, சேர்ந்து பார்க்கலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.